பங்காளி பார்க்கும்படி ஒரு கண்ணாடி

எனக்கு இருப்பது ஒன்றரைக் கண். வலது கண் முழுக் கண். இடது கண் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா, எதிரே நிற்பது மாடா மனிதனா என்ற அளவுக்குச் சொல்லும். எந்த மாடு, எந்த மனிதன் என்று கேட்டால் கையை விரித்துவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் என் பெரியப்பா மகன். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினொன்று. கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தோம். அவன் அடித்தான். நான் புள்ளைப் பிடிக்க ஓடினேன். கையை விட முகம் முன்னால் போய்விட்டது.

அதற்காக அவனோடு நான் சண்டை போடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். பேச்சு நின்றது பதினோரு வருடத்துக்கு முன்பு, என் வரப்பிலிருந்து பத்தடி தள்ளி அவன் போர் போட்ட அன்றைக்கு. அவனுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அந்தக் கோடையில் என் கிணற்றில் தவளைகூடக் குடியிருக்க மறுத்தது. அன்றிலிருந்து அவன் எனக்கு அண்ணன் இல்லை, வெறும் பங்காளி.

நான் தருமபுரியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. என் வீட்டில் உலை கொதிப்பது வலது கண்ணின் தயவில். காரிமங்கலத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். ஊரைவிட்டு வெளியேற ஒரே தார் ரோடு. அந்த ரோட்டின் ஒரே வளைவு அவன் காட்டை ஒட்டிப் போகிறது. ஆக, ஒரு நாளைக்கு இரண்டு முறை நான் அவனைப் பார்க்காமல் இருந்தாக வேண்டும்.

பார்க்காமல் இருப்பது சும்மா இருப்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் அது ஒரு வேலை. பேச்சு இல்லாத பங்காளி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதை அவன் பார்க்கவும் வேண்டும். அவன் பார்ப்பதற்கு முன்பே திருப்பிவிட்டால், ஏதோ ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்க்கிறோம் என்று ஆகிவிடும். அவன் திருப்பிய பிறகு திருப்பினால் நாம் தோற்றவர்கள். சுமார் இருபதடி தூரம் இருக்கும்போது, ஒரு கணம் அவனை அடையாளம் கண்டுகொண்ட முகத்தோடு இருந்து, பிறகு திருப்ப வேண்டும். இதை நான் பதினோரு வருடமாக, மழையிலும் பனியிலும், ஒரு நாள்கூடத் தவறாமல் செய்துவந்தேன். வேறெந்தக் காரியத்திலும் எனக்கு இந்த ஒழுங்கு வாய்த்ததில்லை.

ஹெல்மெட் வந்தபோது சிக்கல் வந்தது. முன்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று வெளியே தெரிவதில்லை. அதனால் வளைவுக்கு முன்னால், புளியமரத்தருகே, இடது கையால் கண்ணாடியைத் தூக்கிவிடுவேன். முகத்தைத் திருப்புவேன். வளைவு முடிந்ததும் இறக்கிவிடுவேன். பின்னால் உட்கார்ந்துவரும் என் மனைவி, நான் காற்று வாங்குகிறேன் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தாள்.

தை மாதம் வந்தால் எங்கள் பக்கத்து ரோடுகள் எல்லாம் களம். கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, தாரின் மேல் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் அதன் மேல் ஏறி இறங்கிப் போரடித்துக் கொடுக்கும். பஸ், பால் வண்டி, கல்யாணத்துக்குப் போகிற வேன், எல்லாமே சம்பளம் இல்லாத மாடுகள். வண்டி போனதும் கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போடுவார்கள். காய் வெடித்து, கொள்ளுப் பொட்டு, அதாவது அதன் உமித்தூள், பொன்னிறத்தில் பறக்கும். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். நான் தூரத்திலிருந்து பார்க்கும் வசதி இல்லாதவன்.

அன்று காலை வளைவில் அவன் கொள்ளு பரப்பியிருந்தான். இரண்டு முனையிலும் வேலிக்கல் போல உருண்டைக் கல் வரிசை வேறு. அவன் கவைக்கோலோடு நின்றான். அவன் மனைவி சற்றுத் தள்ளி முறத்தில் தூற்றிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலப் புளியமரத்தடியில் கண்ணாடியைத் தூக்கினேன். இருபதடியில் அடையாளம் கண்டுகொண்டேன். திருப்புவதற்குச் சரியான அந்தக் கணத்தில் அவன் ஒரு கோல் செடியை அள்ளிக் காற்றில் புரட்டினான்.

வலது கண்ணில் ஏதோ குத்தியது. குத்தி, உள்ளேயே தங்கியது. வண்டி கொள்ளின் மேல் வழுக்கி, ஒரு ஆட்டம் ஆடி, ஓரத்துக்குப் போய் நின்றது. நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் உலகத்தைப் பார்த்தேன். ஒரு உயரமான மனிதனும் ஒரு குட்டையான மனிதனும் தெரிந்தார்கள். குட்டையான உருவம் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தது.

"கசக்காதீங்க கொழுந்தனாரே. கைய எடுங்க. நாக்குல எடுத்துடறேன்."

எங்கள் ஊரில் கண்ணில் விழுந்த தூசியை நாக்கு நுனியால் தடவி எடுத்துவிடுகிறவள் அவள் ஒருத்திதான். நெல் உமி, இரும்புத் துகள், எறும்பு, எதுவானாலும் எடுப்பாள். சுற்று ஊர்களிலிருந்தும் கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போனதில்லை.

"வேண்டாம்" என்றேன். அவளிடம் சொல்வது பங்காளியிடம் பேசியதாக ஆகாது என்று அந்த வலியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே சொன்னேன்.

உயரமான உருவம் அசையவில்லை. தன் மனைவியைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொன்னது: "வேணாங்கறவங்கள எதுக்குக் கெஞ்சிகினு இருக்கற. கொள்ளு காயுது, வா."

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் செய்ததை எந்தக் கண் டாக்டரும் மன்னிக்க மாட்டார். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து, நன்றாகச் சுருட்டி, கண்ணைக் கசக்கு கசக்கென்று கசக்கினேன். எனக்கு யாருடைய நாக்கும் தேவையில்லை என்பது தெரியும்வரை கசக்கினேன். பிறகு வண்டியை எடுத்து, எதிரே வருவது மாடா மனிதனா என்று மட்டும் தெரிந்துகொண்டு, அச்சகம் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை கண் தக்காளிப்பழம். டாக்டரம்மா என் மகள் வயதிருப்பார். கண்ணில் ஏதோ சொட்டு விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கருவிழியில கீறல். புண்ணாயிடுச்சு. நாக்கு கீக்கு வெச்சு எடுத்தீங்களா?"

"இல்லைங்க." என் குரலில் ஒரு பெருமை இருந்திருக்க வேண்டும்.

"நல்லது. அப்புறம் எப்படி இவ்வளவு கீறல்?"

"துண்டால கசக்கினேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். இடது கண்ணையும் பார்த்தார். அது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு கண்ணுதான். இந்த இடத்துல இன்னொரு தடவை இப்படி ஆனா தழும்பு விழுந்துரும். படிக்கற வேலைனு சொன்னீங்க. படிக்க முடியாது. ஹெல்மெட் போடுறதில்லையா?"

"போடுறேங்க."

"அதுல கண்ணாடி இல்லையா?"

"இருக்குதுங்க. தூக்கி விட்டிருந்தேன்."

"ஏன்?"

நிறையப் படித்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்த ஒரு சொல் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். புளியமரம், இடது கை, காற்று வாங்குதல், எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்த்தது இடது கண்தான். ஆனால் அதற்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் வண்டிச் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டாள்.

"நாலு பக்கமும் மூடின கண்ணாடி வாங்கிக் கண்ணுல மாட்டற வரைக்கும் சாவி இல்ல. உங்க அண்ணனுக்கு மூஞ்சி காட்டறதுக்கு நீங்க கண்ண வித்துட்டு வருவீங்க, நான் கையப் புடிச்சுக் கூட்டிகினு போவணுமா?"

"அவன் எனக்கு அண்ணன் இல்ல."

"அப்ப யாருக்கு மூஞ்சியக் காட்றீங்க?"

டவுன் பஸ்ஸில் போனேன். கண்ணில் மூடியோடு பஸ்ஸில் போகிறவன் பொதுச் சொத்து. நந்தியாவட்டை வைக்கச் சொன்னார்கள், விளக்கெண்ணெய் விடச் சொன்னார்கள், ஒரு பெரியவர் நேரே பங்காளி மனைவியிடம் போகச் சொல்லி வழியும் சொன்னார். "அந்த வளைவுல எறங்கிக்கங்க. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க." நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றி சொன்னேன். பஸ் அந்த வளைவைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பினேன். ஜன்னல் ஓரம் நாலு பேர் தொங்கிக்கொண்டிருந்ததால் அது வீணாகப் போனது.

புண் ஆறி மூடியைக் கழற்றிய வாரம், கண்ணாடி வேட்டை தொடங்கியது. டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: அடிபட்டால் சில்லாக உடையாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், பக்கவாட்டில் திறந்திருக்கக் கூடாது, காலையிலும் சாயங்காலமும் ஓட்டுகிறவர் கறுப்பு வாங்கக் கூடாது. என் மனைவி இதில் முதல் இரண்டைக் கேட்டுக்கொண்டாள். மூன்றாவதை நான் மட்டும் கேட்டேன், அதுவும் என் சொந்தக் காரணத்துக்காக. கண் வெளியே தெரிய வேண்டும்.

காரிமங்கலம் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போனது அவள்தான். தக்காளிக்காரருக்கும் கருவாட்டுக்காரருக்கும் நடுவில் ஒருவர் தார்ப்பாயில் கறுப்புக் கண்ணாடிகளைப் பரப்பியிருந்தார்.

"போட்டுப் பாருங்கண்ணா. ஆளே மாறிட்டீங்க."

"யாரா மாறிட்டேன்?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கீங்க."

"இது உடையாதா?"

"உடைஞ்சா கொண்டாந்து குடுங்க, வேற தர்றேன்."

"எதை, கண்ணையா?"

என் மனைவி என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பைக்குள் போட்டுக்கொண்டாள். வலது பக்கக் கண்ணாடியின் மேல்மூலையில் தங்க நிறத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வேண்டா வெறுப்பாக வந்த பொருள் என்பதால் அதை உரிக்கக்கூட நான் முயலவில்லை. மறுநாள் சாவி அரிசிப் பானையிலிருந்து வெளியே வந்தது.

அந்தக் கண்ணாடியில் காலை ஏழு மணியும் அந்தி ஏழு மணிதான். புளியமர நிழலுக்குள் நுழைந்ததும் ரோடே காணாமல் போயிற்று. ஒரு வெள்ளாடு தன் முயற்சியால் உயிர் பிழைத்தது. தூசியோ பக்கவாட்டில் நிதானமாக உள்ளே வந்து, வெளியே போக வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் பொறுத்திருப்பேன். வளைவில் பங்காளி நின்றான். நான் இருபதடியில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். அவன் என்னை நேருக்கு நேர் பார்த்தான். முகத்தைத் திருப்பவே இல்லை. என் கண் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, அதனால் கடைத்தெருவில் பொம்மையைப் பார்ப்பது போலச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கழுத்தோடு திருப்பிக் காட்டினேன். அதையும் பார்த்தான். பதினோரு வருட உழைப்பு அன்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக்கில் மூழ்கிப்போனது.

"ஆடு தெரியல" என்று மட்டும் மனைவியிடம் சொல்லி, கண்ணாடியை ஜன்னல் மேல் வைத்தேன். சாவி மறுபடியும் அரிசிக்குள் போனது.

அடுத்து தருமபுரியில் ஒரு கண்ணாடிக் கடை. குளிர்சாதனம், நாலு பக்கமும் நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடிக்காத ஒருவன் நிற்கிறான், அவன் நான்தான். விற்பனைப் பெண் பயணத்துக்கென்றே செய்தது என்று ஒன்றை எடுத்து மாட்டினாள். வெளிப்பக்கம் முழுக்கப் பாதரசம் பூசியதுபோல் பளபளத்தது.

"இதுல கண்ணு தெரியல."

"நல்லா தெரியும் சார், வெளியே பாருங்க."

"எனக்குத் தெரியுதுமா. என் கண்ணு வெளிய தெரியணும்."

"யாருக்கு சார்?"

"எதிர்ல நிக்கிறவனுக்கு."

அவள் கொஞ்சம் பின்வாங்கி, முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, இந்த வயதில் இப்படிக் கேட்கிறவர்களை நிறையப் பார்த்தவர்போலப் புன்னகைத்தார். "சார், நமக்கெல்லாம் அம்பது தாண்டிருச்சு. நம்ம கண்ண யாரு சார் பாக்கப் போறாங்க?"

"ஒருத்தன் பார்க்கணும்" என்றேன். அவர் புன்னகை வேறு மாதிரி ஆனது. அதைத் திருத்த எனக்குப் பொறுமை இல்லை. இன்றைக்கும் அந்தக் கடையில் என்னைப் பற்றி ஒரு காதல் கதை உலவிக்கொண்டிருக்கக்கூடும்.

மூன்றாவது, வண்டிச் சாமான் கடையில் வாங்கியது. ஒரே நிறமற்ற அகலக் கண்ணாடி, முகத்தோடு ஒட்டுகிற இடமெல்லாம் பஞ்சு, தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை. கண் தெரியும், தூசி புகாது. கடைக்காரர், "இத போட்டுக்கினு லடாக் போயிட்டு வந்துருக்காங்க" என்றார். நான் வளைவு வரை போனால் போதும். நான் போட்டதைப் பார்த்த என் மனைவியும் முதல்முறையாகக் குறை சொல்லவில்லை. சிரித்தாள், அது வேறு.

தை மாதத்துப் பனி அந்த லடாக் கண்ணாடியைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் உள்பக்கம் ஆவி படிந்தது. என் மூச்சே எனக்கு எதிரியானது. மூச்சை அடக்கினால் தெளியும், விட்டால் மூடும். ஒரு கட்டத்தில் மூச்சு விடுவதா, ரோட்டைப் பார்ப்பதா என்ற நிலை. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பட்டையை நெற்றிக்கு ஏற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, வளைவிலிருந்து பங்காளியின் குரல் வந்தது. என்னிடம் இல்லை. பால்காரரிடம். உலகத்துக்கே கேட்கும்படி.

"கெணத்துல தவள இல்லேன்னு பதினோரு வருசமா ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தாங்க. இங்க மரத்தடியில உக்காந்துகினு இருக்குது பாரு."

பால்காரர் சிரித்தார். எனக்கும் பால் ஊற்றுகிறவர்தான். அடுத்த நாளிலிருந்து பாலை நிறுத்தியிருப்பேன், மனைவி விடவில்லை.

நான்காவது கண்ணாடியை நான் தேடிப் போகவில்லை. ஹேண்டில் பார் ஒரு பக்கம் இழுக்கிறது, சாவியோ திரும்ப அரிசிக்குள், அதனால் காரிமங்கலத்தில் ஒரு கிரில் பட்டறைக்கு வண்டியை டெம்போவில் ஏற்றிப் போயிருந்தேன். பட்டறைக்காரர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களோடு தமிழ், இரும்போடு கன்னடம். கேட் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறி அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நிறமில்லாத, தடித்த ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. இரண்டு பக்கமும் அடைப்பு, அடைப்பில் கோடு கோடாகக் காற்றுப் போகச் சிறு கீறல்கள். அழகு என்பது அதன் பக்கம்கூட வந்ததில்லை. அதற்குள் அவர் கண் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. என்னைப் பார்த்து எரிச்சல்பட்டதுகூடத் தெரிந்தது.

"இது எங்கங்க கெடைக்கும்?"

"ஹார்டுவேர் கடையில. எதுக்கு?"

"வண்டி ஓட்டறதுக்கு. ஆவி புடிக்காதா?"

"பக்கத்துல ஓட்ட இருக்குது பாருங்க. எட்டு மணி நேரம் போட்டுக்கினு இருக்கேன், புடிச்சதில்ல." கழற்றித் துடைத்து, என் கையில் கொடுத்தார். "இரும்பு சில்லு அடிக்குது இதுல, தாங்குது. உங்க பங்காளி கொள்ளுப் பொட்டு தாங்காதா?"

நான் அதை மாட்டிப் பார்த்தேன்.

"கண்ணும் நல்லாத் தெரியும்ங்க வெளிய. நீங்க மூஞ்சியத் திருப்பறது கரெக்டா தெரியும்."

பதினோரு வருடம் எனக்கும் அவனுக்கும் நடுவில் மட்டும் நடந்ததாக நான் நினைத்திருந்த ஒன்றை, எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் கிரில் அடிக்கிறவர் ஒருவர் தெரிந்துவைத்திருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பஸ்சுல வர்றவங்க எல்லாரும் பாக்கறாங்கல்ல" என்றார். பிறகு கன்னடத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஹார்டுவேர் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கினேன். என் மனைவி அதை வாங்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, பக்கவாட்டிலிருந்து ஊதிப் பார்த்து, திருப்பித் தந்தாள். சாவியை எடுத்து, ஒட்டியிருந்த அரிசித் தவிட்டை முந்தானையில் துடைத்துக் கையில் வைத்தாள்.

"ஹெல்மெட் கண்ணாடியத் தூக்கினீங்கன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

"யார் சொல்லப் போறா?"

"எல்லாரும்" என்றாள்.

மறுநாள் காலை வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. புதுக் கண்ணாடி ஆவி பிடிக்கவில்லை, இருட்டவில்லை, ஆடுகள் எல்லாம் தனித்தனி ஆடுகளாகத் தெரிந்தன. வளைவில் கொள்ளு பரப்பியிருந்தது. கடைசிச் சுற்றாக இருக்க வேண்டும், செடி சருகாக நொறுங்கிக் கிடந்தது. காற்று வேறு அடித்தது. பொட்டு ரோட்டின் குறுக்கே திரை போட்டிருந்தது. புளியமரத்தடியில் நான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். தூக்கினாலும் உள்ளே இன்னொரு கண்ணாடி இருக்கிறதே என்று மனைவிக்கு மனதில் பதில் தயாராக இருந்தது. இருபதடி. அடையாளம் கண்டுகொண்ட முகத்தோடு நிமிர்ந்தேன்.

அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

கவைக்கோலை ஊன்றிக்கொண்டு, தலைப்பாகைக்குக் கீழே கறுப்பாக இரண்டு வட்டத்தோடு நின்றான். வலது வட்டத்தின் மேல்மூலையில் தங்க நிற ஸ்டிக்கர் வெயிலில் மின்னியது. ஜன்னல் மேல் வைத்தது எப்போது அங்கிருந்து போனது என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் பேசுவதில்லை என்பதற்காக எங்கள் வீட்டுப் பெண்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் குழாயடியில் ஒரு நாளும் பேச்சை நிறுத்தியதில்லை என்பது மட்டும் தெரியும்.

அவன் என்னைப் பார்க்கிறானா, கொள்ளைப் பார்க்கிறானா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறானா, தெரியவில்லை. முகத்தைத் திருப்புவதா வேண்டாமா என்று யோசித்ததில் இருபதடி பத்தடியானது. பத்தடி மூன்றடியானது. பிரேக் பிடித்தேன். கொள்ளின் மேல் சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்து, காலை ஊன்றி நின்றேன். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கவைக்கோல் நீளம்.

"கண்ணாடியக் கழட்டு" என்றேன். பதினோரு வருடத்தில் நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீ கழட்டு மொதல்ல."

"அது என் வூட்டுக் கண்ணாடி."

"உன் பொண்டாட்டி குடுத்தா. போய் அவளக் கேளு."

"என்னப் பாக்கறியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"கழட்டிச் சொல்றேன். நீ மொதல்ல கழட்டு."

காற்று ஒரு சுற்றுச் சுற்றி, பொட்டை வாரி எங்கள் இருவர் மேலும் போட்டது. என் கண்ணாடியின் மேல் பட்டாணி பொரிவதுபோல் சத்தம் கேட்டது. கை கண்ணாடி வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. தழும்பு விழுந்துரும் என்று டாக்டரம்மா சொன்ன அதே இடம் உள்ளே மெல்ல உறுத்துவதுபோல் இருந்தது.

அவன் அதைப் பார்த்துவிட்டான். அல்லது பார்த்திருப்பான். "கழட்டாத" என்றான். "கழட்டி எதுனா விழுந்தா நானா பொறுப்பு? ஒரு கண்ணுக்கே நாப்பத்தி மூணு வருசமா கேட்டுகினு இருக்கற."

"நான் எப்பக் கேட்டேன்?"

"கேக்காமதான் கேக்கற."

அதற்கு என்னிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் முறத்தோடு நின்ற அவன் மனைவி இடையில் வந்துவிட்டாள். "ரெண்டு பேரும் கழட்டாதீங்க. காத்து இந்தப் பக்கம் திரும்பிருச்சு. கண்ணுல விழுந்தா இந்தத் தடவ நான் நாக்க வெக்க மாட்டேன், ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன்."

பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எல்லாத் தலைகளும் எங்களைத்தான் பார்த்தன. அதில் சந்தேகம் இல்லை, யாரும் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அவன் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை, உள்ளே இருந்த கண்ணாடிக்கு மேலேயே, கடைசிவரை இறக்கிவிட்டேன். நேரே பார்த்து வண்டியை எடுத்தேன். சுற்றிப் போக இடம் இல்லை. கொள்ளின் மேல்தான் போக வேண்டியிருந்தது. சக்கரத்தடியில் காய்கள் வரிசையாக வெடித்தன. அவனுக்கு ஒரு நடை போரடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.